நாலாம் நம்பர் வண்டியின் முன்னுரிமம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆண்டு எண்பத்திரண்டா எண்பத்து மூன்றா என்பதில் ஒரு குழப்பம். கைப்பிரதியில் என்ன எழுதியிருந்தது என்பதில் அதைவிடப் பெரிய குழப்பம். ராஜமாணிக்கம் அவர்களின் கையெழுத்தில் சொல்லின் கடைசி எழுத்து எப்போதும் ஒரு கோடாக இழுபட்டுப் போகும். என் தட்டச்சு இயந்திரத்தில் மை, லை போன்ற எழுத்துகளுக்கு முன்னால் அடிக்க வேண்டிய இணைக்கொம்பு (ை) விசை அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். 'முன்னுரிம' என்று விழுந்திருந்ததைப் பார்த்து, ஏதோ குறைகிறதே என்று நானே ஒரு 'ம்' சேர்த்தேன் என்று சில நாள் தோன்றுகிறது. கைப்பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது என்று சில நாள் தோன்றுகிறது. இரண்டாவது நினைவு எனக்கு வசதியானது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அப்போது திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், போக்குவரத்து ஒழுங்குத் தனி அலுவலர் என்ற பெயரில் ஓர் அலுவலகம் இருந்தது. ராஜமாணிக்கம்தான் தனி அலுவலர். நான், தசரதன், அங்கே தற்காலிகத் தட்டச்சர். ஊரின் முதல் சிக்னல் விளக்கை நிறுவுவதற்காக அந்த அலுவலகம் தொடங்கப்பட்டது. செங்கம் ரோடு ஊருக்குள் நுழைந்து மற்றச் சாலைகளோடு சேரும் கூட்ரோட்டில் விளக்கு நட்டார்கள். பக்கத்தில் ஒரு மரக்கூண்டு. அதற்குள் உட்கார்ந்து விளக்கை மாற்றிப் போடுவதற்கு வேணு என்று ஒரு கான்ஸ்டபிள்.

விளக்கோடு ஒரு நல்ல எண்ணமும் வந்தது. டவுன் பஸ் கூட்ரோட்டை நெருங்கினால் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு அதை முதலில் விட வேண்டும் என்பது. அதாவது முன்னுரிமை. ஸ்டென்சிலில் நான் அடித்து, நாற்பது பிரதிகள் எடுத்து, ராஜமாணிக்கம் நாற்பதிலும் கையெழுத்திட்டு அனுப்பிய ஆணை இப்படி இருந்தது: "விளக்குச் சந்திப்பில் நகரப் பேருந்துகளுக்கு முன்னுரிமம் வழங்கப்படும்."

உரிமை, உரிமமாகிவிட்டது. உரிமம் என்றால் லைசென்ஸ்.

நகரப் பேருந்துகள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும், அந்தக் கூட்ரோடு வழியாக வந்தது ஒரே ஒரு டவுன் பஸ்தான். அடி அண்ணாமலையிலிருந்து வரும் நாலாம் நம்பர். நானும் அதில்தான் அலுவலகத்துக்கு வருவேன். முன் வாசலுக்கு அடுத்த ஜன்னலோரம் உட்கார்ந்து நூலகப் புத்தகத்தைப் பிரித்தால், இறங்கும்வரை யாரிடமும் பேசமாட்டேன். ஓட்டுநர் சடையன் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வான். அந்த மரியாதைக்காகவே அவனை எனக்குப் பிடித்திருந்தது.

சடையன் ஏழு வருஷமாகத் தற்காலிக ஓட்டுநர். அந்த மார்ச் முப்பத்தொன்றில் நிரந்தரம் செய்யப் போவோரின் பட்டியலில் அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது. நிபந்தனைகள் இரண்டு. அந்த ஆண்டில் இருநூற்று நாற்பது நாள் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். அரைமணிக்கு மேற்பட்ட தாமதத்துக்காக மூன்று மெமோ வாங்கியிருக்கக் கூடாது. வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையில், தன் பங்கு நிலத்தை அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி கஸ்தூரியோடு தனிக்குடித்தனம் வந்திருந்தான். இதெல்லாம் கண்டக்டர் ராமதாஸ் பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி பேசியதில் தெரிந்துகொண்டது. சடையன் சொல்லவில்லை.

நவம்பரில் விளக்கு திறந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வண்டி கூட்ரோட்டுக்கு வந்தது. விளக்கு பச்சை. சடையன் கியரை மாற்றும்போது வேணு கூண்டிலிருந்து இறங்கி ஓடிவந்து கையை நீட்டி மறித்தார். கையில் ஆணையின் பிரதி.

"பச்சைதான எரியுது?" என்றான் சடையன்.

"பச்சை எல்லாருக்கும் பொது. உங்களுக்குத் தனியா லைசென்ஸ் போட்டிருக்குது. அது எங்க?"

அப்படி எதுவும் இல்லை என்று ராமதாஸ் சொன்னார். வேணு கெட்டவர் அல்ல. ஆணையை அவர் மூன்று முறை படித்திருந்தார். வழங்கப்படும் என்று இருக்கிறதே, யார் வழங்குவது என்று இரவெல்லாம் யோசித்ததாக அவரே சொன்னார். இதற்குள் எங்களைத் தாண்டி இரண்டு லாரிகளும் ஒரு வைக்கோல் வண்டியும் போயின. ஆளனுப்பி ராஜமாணிக்கத்தை வரவழைத்தார்கள்.

அவர் வந்து ஆணையை வாங்கிப் படித்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பழக்கமான மௌனம் அல்ல. நான் பேசாமல் இருக்கும்போது உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருப்பேன். அவர் தேடவில்லை. தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் நிமிர்ந்தார்.

"இதுல இன்னா புரியல உங்களுக்கு? முன்னாடியே வாங்கிக்க வேண்டிய உரிமம், முன்னுரிமம். லாரிக்கு இந்த கௌரவம் உண்டா? மாட்டுவண்டிக்கு உண்டா? பஸ் ஒண்ணுக்குத்தான் எழுத்து மூலமா அனுமதி தரோம். உங்களை நிறுத்தறோம்னு நெனைக்காதீங்க. உங்களை மதிக்கறோம்."

அன்று வண்டி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்பத்தைந்து நிமிஷம் தாமதம். சடையனுக்கு முதல் மெமோ.

படிவத்தை அன்று மாலையே நான் தட்டச்சு செய்தேன். ஒன்பது கலங்கள். வண்டி எண், தடம், ஓட்டுநர் பெயர், பயணிகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, இப்படிப் போகும். ஏழாவது கலம், நின்றதற்கான காரணம். எட்டாவது, உரிமம் கோருவதற்கான காரணம். ராமதாஸ் ஏழில் "உரிமம் பெறுவதற்காக" என்றும், எட்டில் "நிறுத்தப்பட்டதால்" என்றும் எழுதுவார். கேலியாகத்தான் எழுதத் தொடங்கினார். ராஜமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டு, விடைகள் தெளிவாக இருக்கின்றன, இனி எல்லா நடைக்கும் இதையே எழுதலாம் என்று குறிப்பு அனுப்பினார்.

நடைமுறை இப்படி அமைந்தது. வண்டி கூட்ரோட்டில் நிற்கும். ராமதாஸ் தலைகளை எண்ணிப் படிவத்தை நிரப்பிக்கொண்டு கூண்டுக்கு ஓடுவார். வேணு சரிபார்த்து, முத்திரை குத்தி, அடிக்கட்டையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு உரிமத்தைக் கிழித்துத் தருவார். அது ஐந்து நிமிஷம் செல்லும். வேணுவோ உரிமம் எழுதும்போது விளக்கைக் கவனிக்க முடியாது. அதனால் எழுதத் தொடங்குவதற்கு முன் பாதுகாப்புக்காகச் சிவப்பைப் போட்டுவிடுவார். எழுதி முடித்து, நின்றுபோன மற்ற திசை வண்டிகளை விட்டு, எங்களுக்குப் பச்சை போடும்போது ஆறாவது நிமிஷம் ஆகியிருக்கும். உரிமம் காலாவதி. ராமதாஸ் மறுபடி ஓடுவார். இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு எப்படியோ ஓர் உரிமம் காலாவதியாவதற்குள் பச்சை விழும்.

மாட்டுவண்டிக்காரர்கள் எங்களைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, உடம்பு சரியில்லாதவரை விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுப் போவார்கள். அடி அண்ணாமலையிலிருந்து கீரைக்கூடையோடு வரும் எல்லம்மாள் இரண்டாம் நாளே கூட்ரோட்டில் இறங்கிவிட்டாள். மார்க்கெட்டுக்கு இன்னும் ஒரு மைல். எங்கே இறங்குகிறாய் என்று ராமதாஸ் கேட்டதற்கு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ரெண்டு காலுக்கு லைசென்ஸ் கேக்கறதுக்கு முன்னாடி நடந்துடறேன் நைனா."

அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். உடனே ஒரு சிக்கல் வந்தது. படிவத்தில் நாற்பத்திரண்டு பேர், வண்டியில் பதினொரு பேர். பொய்த் தகவல் தந்து உரிமம் பெற்றதாக ஆகும் என்று வேணு வருத்தத்தோடு சொன்னார். ராஜமாணிக்கத்திடமிருந்து புதிய குறிப்பு வந்தது: உரிமம் கிடைக்கும்வரை பயணிகள் யாரும் இறங்கக் கூடாது. இறங்க விரும்புவோர் இறங்குவதற்கான காரணத்தைத் தனித்தாளில் எழுதித் தர வேண்டும். எல்லம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவளுடைய காரணத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கீரை வாடுகிறது என்று.

இரண்டாவது மெமோ ஜனவரியில் வந்தது. அன்று சடையன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நான் கடைசியாக இறங்கினேன். படியில் என் கால் இருக்கும்போது, திரும்பாமலே கேட்டான்.

"சார், நீங்க அந்த ஆபீசுலதான இருக்கீங்க. இந்த லைசென்ஸு எதுக்குன்னு ஒங்களுக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியும். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ராஜமாணிக்கத்தின் அறைச் சுவரில் அப்போது புதிதாக ஒரு கேடயம் மாட்டியிருந்தது. ஆட்சிமொழியை ஆய்வு செய்யச் சென்னையிலிருந்து வந்த மூவர் குழு, கலைச்சொல்லாக்கத்தில் முன்னோடி என்று எங்கள் அலுவலகத்தைப் பாராட்டிக் கொடுத்தது. முன்னுரிமம் என்ற சொல்லுக்காகவே கொடுத்தார்கள். ஆங்கிலத்தின் நிழல் விழாத சொல் என்று குழுத் தலைவர் பேசினார். அது விசையின் கோளாறு என்பது அவருக்குத் தெரியாது.

கேடயத்துக்குக் கீழே நின்று, அது நான் தவறாக அடித்த எழுத்து என்று சொன்னேன். மூன்று நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்த வாக்கியம். அதனால் தடங்கலில்லாமல் வந்தது. ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"தசரதன், நீ தப்பா அடிச்சிருந்தா, நான் தப்புல கையெழுத்துப் போட்டேன்னு ஆவுது. நாப்பது தடவை. படிக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன். படிச்சிருந்தா தப்பு இருந்திருக்காது. அதனால நீ தப்பா அடிக்கல. மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

பிறகு, என் தற்காலிக நியமனம் ஜூனில் முடிகிறதல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நிரந்தரத்துக்கு எழுதலாம் என்று இருப்பதாகச் சொன்னார். நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன். புத்தகத்தைத் திறந்தேன். அன்று ஒரே பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் ராமதாஸ். மார்ச் தொடங்கிய வாரம் அது. வண்டி புறப்படும் முன்பு அவர் முன்கண்ணாடிக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது டவுன் பஸ்ஸுன்னு யாரு சொல்றது? அந்தப் பலகைதான சொல்லுது. அத்தக் கழட்டி உள்ள போட்டுட்டா?"

"வண்டி எதுன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ரோட்டுல வர்றது ஒரு வண்டி. மாமியார் வூட்டுக்குப் போர்டு பாத்தா போறாங்க?"

சடையன் தயங்கினான். பலகையைக் கழற்றுவது விதிக்குப் புறம்பானதா என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரிந்த எந்த ஆணையிலும் அப்படி இல்லை என்றேன். உண்மைதான். நான் அடிக்காத ஆணை அங்கே எதுவும் இல்லை.

அன்று கூட்ரோட்டை நெருங்கினோம். விளக்கு பச்சை. வேணு கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். முன்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ஆணையை எடுத்து ஒருமுறை படித்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பலகை இல்லாத வண்டி நகரப் பேருந்து அல்ல, இதர வாகனம். இதர வாகனங்கள் பச்சையில் போகலாம். நாங்கள் போனோம். ஒன்பது பத்துக்கு வர வேண்டிய வண்டி ஒன்பது எட்டுக்கு ஸ்டாண்டில் நின்றது.

இப்படிப் பத்தொன்பது நாள் நடந்தது. மூன்றாவது மெமோ வரவில்லை. எல்லம்மாள் கீரையோடு மார்க்கெட்வரை வந்தாள். சடையன் ஒருநாள் சிரித்ததைக்கூடப் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு மாலை ராஜமாணிக்கம் என்னிடம் ஓர் அறிக்கை அடிக்கக் கொடுத்தார். "சில நாட்களாகச் சந்திப்பில் ஒரு நகரப் பேருந்துகூடக் காத்து நிற்கவில்லை. முன்னுரிமத் திட்டம் முழு வெற்றி" என்று இருந்தது. ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.

மார்ச் இருபத்தேழாம் தேதி போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர் ஒரு கடிதம் அனுப்பினார். ஓட்டுநர்களின் பணிநாட்களை இறுதி செய்ய வேண்டியிருப்பதால், நாலாம் நம்பர் வண்டி கூட்ரோட்டைக் கடந்த நாட்களுக்குச் சான்று வேண்டும் என்று. வேணுவின் அடிக்கட்டைகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். நான்தான் எண்ணினேன். சடையன் அந்த ஆண்டு ஓட்டியது இருநூற்று ஐம்பத்தொரு நாள். படிவம் வருவதற்கு முந்தைய நாட்களுக்குச் சான்று தேவைப்படவில்லை. அதற்குப் பிந்தைய நாட்களில் பத்தொன்பதுக்கு அடிக்கட்டை இல்லை. மீதி இருநூற்று முப்பத்திரண்டு. எட்டு நாள் குறைந்தது.

இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல் விசாரணை. ராஜமாணிக்கம், சடையன், தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் நான். பேசுவதை அப்படியே அடித்துக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. சடையன் இஸ்திரி போட்ட காக்கியில் வந்து நின்றுகொண்டிருந்தான். ஸ்டாண்டு டைம் கீப்பரின் நோட்டை இரவல் வாங்கி வந்திருந்தான். பத்தொன்பது நாளும் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று அதில் இருந்தது. ராஜமாணிக்கம் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"வந்ததை நான் மறுக்கல. கடந்ததைத்தான் மறுக்கறேன்."

"கூட்ரோட்டைக் கடக்காம எப்படிங்க வர முடியும்? வேற வழி இல்லீங்களே."

"அதைத்தான் நானும் கேக்கறேன். உரிமம் இல்லாம நகரப் பேருந்து கடக்க முடியாது. கடக்காம வர முடியாது. ஆனா வந்திருக்குதுன்னு நோட்டுல இருக்குது. அப்ப வந்தது எது? ஏதோ ஒரு வண்டி வந்திருக்கலாம். நீ ஓட்ட வேண்டியது ஏதோ ஒரு வண்டி இல்ல. நகரப் பேருந்து."

பலகையைக் கழற்றியதை ஒப்புக்கொண்டால் அது தனிக் குற்றம். ஒப்புக்கொள்ளாவிட்டால் பத்தொன்பது நாள் இல்லை. சடையன் இரண்டையும் மாறி மாறி யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தான். ராஜமாணிக்கத்திடம் திரும்பி, மெதுவாகச் சொன்னான்.

"சாரு தினமும் என் வண்டியிலதாங்க வர்றாரு. அவரைக் கேளுங்க. அவர் சொன்னா நான் ஒத்துக்கறேன்."

சடையன் சொன்னதை அடித்து முடித்தேன். ராஜமாணிக்கம் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"கேக்கறேன். தசரதன், யோசிச்சு சொல்லு. அந்தப் பத்தொம்போது நாளும் நீ இவன் வண்டியில வந்தியா? வந்தேன்னு சொன்னா, கடக்காத வண்டியில வந்திருக்கே. கடக்காத வண்டியில வந்த ஆளு ஆபீசுக்கு வந்து சேந்திருக்க முடியாது. உன் வருகைப் பதிவேட்டுல அந்த நாளுக்கெல்லாம் நான் ஆப்சென்ட் போடணும். ஜூனுக்கு எழுத முடியாம போயிடும். எனக்கு வருத்தமாத்தான் இருக்கும். சொல்லு."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷம் இருக்கலாம். கால்மணி இருக்கலாம். கீழே ஸ்டாண்டில் வேலூர் வண்டிக்காரன் கூவி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது கேட்டது. சடையன் என்னைக் கெஞ்சவில்லை. வண்டியில் தலையசைப்பானே, அதுபோல ஒருமுறை அசைத்தான். பேசிவிடலாம் என்று இருந்தது. ஒரு சொல் போதும். வாழ்நாள் முழுக்க நான் பேசாமல் இருந்ததற்கெல்லாம் மனத்துக்குள் நல்ல காரணங்கள் வைத்திருந்தேன். ஆழம் என்றும், நிதானம் என்றும். அன்று அப்படி ஒன்றும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"அடிச்சுக்கோ" என்றார் ராஜமாணிக்கம். "சாட்சி பதில் கூறாமல் மௌனமாக இருந்தார். எனவே ஓட்டுநரின் கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை."

அடித்தேன். இணைக்கொம்பு ஒட்டிக்கொள்ளவில்லை. எல்லா எழுத்தும் சரியாக விழுந்தது. தாளை உருவிச் சடையனிடம் கையெழுத்துக்கு நீட்டியபோது அவன் அதை ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். கையெழுத்திட்டுவிட்டு, டைம் கீப்பரின் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

மார்ச் முப்பத்தொன்றில் வந்த பட்டியலில் சடையன் பெயர் இல்லை. அண்ணன் நிலத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அவன் கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலை மண்டிக்கு லாரி ஓட்டப் போனான். கஸ்தூரி அதே மண்டியில் கடலை உடைத்தாள். ராமதாஸ் ஏற்கெனவே நிரந்தரமானவர், பலகையைக் கழற்றியதைப் பட்டியல் வந்த பிறகு தானே ஒப்புக்கொண்டு, ஒரு வருஷ ஊதிய உயர்வை இழந்து அதே தடத்தில் இருந்தார். வேணுவை ஆரணிக்கு மாற்றினார்கள். எல்லம்மாள் கூட்ரோட்டிலிருந்து நடந்தே மார்க்கெட்டுக்குப் போனாள், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். விளக்கு இரண்டு வருஷம் எரிந்தது. ராஜமாணிக்கம் பதவி உயர்வு பெற்று வேலூருக்குப் போய், அங்கிருந்து ஓய்வு பெற்றார். எனக்கு அந்த ஜூன் மாதம் வேலை நிரந்தரமானது.